திருத்தணி ரோட்டில் பிறந்த லான்சர்

சென்னையிலிருந்து திருத்தணிக்குப் போகும் மின்சார ரயில் திருவள்ளூரைத் தாண்டியதும் வரும் ஸ்டேஷன்களில் ஒன்று கடம்பத்தூர். அதையொட்டிய அதிகத்தூரில் 1998இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கார் தொழிற்சாலை தொடங்கியது. அம்பாசடர் செய்த அதே பிர்லா கம்பெனிதான். ஆனால் இங்கே செய்தது அம்பாசடர் அல்ல, ஜப்பானின் மிட்சுபிஷி லான்சர். செங்கல்பட்டிலிருந்து பிரிந்து திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல். நெல்லும் கரும்பும் விளைந்துகொண்டிருந்த அந்தப் புது மாவட்டத்தின் பெயர், மறு ஆண்டே நாட்டின் கார் பத்திரிகைகளில் அடிபட ஆரம்பித்தது.

அந்தக் கார் இன்று எந்த ஷோரூமிலும் இல்லை. வைத்திருந்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: நல்ல வண்டி, விற்றிருக்கக் கூடாது. இவ்வளவு நல்ல பெயர் எடுத்த கார், வந்து பதினைந்து வருஷம் ஆவதற்குள் சந்தையை விட்டுப் போனது ஏன்? ஸ்பேர் விலை என்பார்கள் சிலர். ஹோண்டா சிட்டி அடித்துவிட்டது என்பார்கள் வேறு சிலர். பிர்லா கம்பெனிக்கு அம்பாசடரைத் தவிர வேறெதுவும் விற்கத் தெரியாது என்பது மூன்றாவது பதில். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மூன்றும் சேர்ந்தாலும் கணக்கு முடியவில்லை. எனக்குத் தோன்றுவது, லான்சர் எந்தப் போட்டிக் காரிடமும் தோற்கவில்லை. அதற்குப் பின்னால் வரவேண்டிய கார் வரவேண்டிய நேரத்துக்கு வராததால்தான் தோற்றது. இதைச் சொல்ல, கொஞ்சம் பின்னாலிருந்து வரவேண்டும்.

இன்றைய அளவுகோலில் லான்சர் சொகுசு காரே இல்லை என்று ஒருவர் வாதிடலாம். மகிந்திரா சிட்டியில் 2007இலிருந்து பி.எம்.டபிள்யூ. பூட்டப்படுகிற மாநிலம் இது. ஆனால் 1998இல் திருத்தணி பஜாரில் நின்ற கார்கள் எவை? அம்பாசடர், பிரீமியர் பத்மினி, மாருதி 800, ஆம்னி வேன். ஏசி என்பதே தனியாகக் காசு கொடுத்து மாட்டிக்கொள்ளும் சங்கதி. அந்த வரிசையில் பவர் ஸ்டீயரிங்கும் பவர் விண்டோவும் ஏசியுமாகத் தாழ்ந்த, நீண்ட உடம்போடு நின்ற லான்சரைச் சொகுசு கார் என்று அழைக்க யாருக்கும் அகராதி தேவைப்படவில்லை.

லான்சர் என்ற பெயரை மிட்சுபிஷி முதலில் வைத்தது 1973இல். சின்ன செடானாகப் பிறந்த அந்தக் கார் பேர் வாங்கியது ஷோரூமில் அல்ல, கிழக்கு ஆப்பிரிக்காவின் சேற்றிலும் புழுதியிலும். கென்யாவில் பிறந்து வளர்ந்த சீக்கியர் ஜோகிந்தர் சிங், 1974இலும் 1976இலும் சஃபாரி ராலியை லான்சரில் ஜெயித்தார். அதற்கு முன் 1965இல் வோல்வோவில் ஒருமுறை ஜெயித்தவர். பிறகு 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு வருஷம் பின்லாந்துக்காரர் டாமி மாக்கினென் லான்சர் எவல்யூஷனில் உலக ராலி சாம்பியன் ஆனார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தியாவில் லான்சர் வந்து இறங்கிய 1998 இந்த நான்கு வருஷத்தின் நடுவில் வருகிறது. ராலி பார்த்து வளர்ந்த சென்னை, கோவைப் பையன்களுக்கு அது வெறும் குடும்பக் கார் அல்ல. சோழவரம் ரேஸ் காலத்திலிருந்து மோட்டார் பந்தயப் பித்து பிடித்த மாநிலம் இது. மிட்சுபிஷிக்கு இதைவிடத் தோதான இடம் அமைந்திருக்காது.

வெளிநாட்டுத் தமிழர்கள் இந்தக் காரோடு முன்பே பழகிவிட்டார்கள். மலேசியாவில் 1985இல் வந்த புரோட்டான் சாகாவின் அடித்தளம் லான்சர்தான். 1993இல் வந்த புரோட்டான் விராவும் அப்படித்தான். கிள்ளானிலோ ஈப்போவிலோ அப்பா ஓட்டிய சாகாவைப் பற்றிப் பேசும் தமிழர் தனக்குத் தெரியாமலே லான்சரைப் பற்றிப் பேசுகிறார். இலங்கையில் 1980களின் கோண வடிவ மாடலுக்கு 'லான்சர் பொக்ஸ்' என்றே பெயர். பிந்தைய மாடல்களைச் சேசிஸ் குறியீட்டை வைத்து சி.கே., சி.எஸ். என்று கூப்பிடுவார்கள். அதிகத்தூரில் தயாரானது இந்த சி.கே. ரகம். ஜப்பானில் 1995இல் அறிமுகமானது. மூன்று வருஷத்துப் பழைய மாடல் என்றாலும், முப்பது வருஷத்துப் பழைய மாடல்களுக்குப் பழகியிருந்த நாட்டுக்கு அது சுடச்சுட வந்ததாகவே பட்டது.

தமிழ்நாட்டில் சொகுசு செடான் செய்யப் பார்த்த முதல் ஆட்கள் இவர்கள் இல்லை. அந்த முந்தைய கதை தெரியாமல் லான்சர் கதை விளங்காது. 1948இல் மதராஸில் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ், இங்கிலாந்தின் கோவென்ட்ரியிலிருந்த ஸ்டாண்டர்டு கம்பெனியின் கூட்டோடு பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் கார் செய்தது. வான்கார்டு, ஸ்டாண்டர்டு டென், 1961இலிருந்து ஹெரால்டு, 1972இல் கஸெல். கஸெலோடு 1970களின் பிற்பகுதியில் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டு வேன் மட்டும் செய்துகொண்டிருந்த கம்பெனி, 1985இல் எல்லோரையும் திகைக்க வைத்தது. அப்போது வந்ததுதான் ஸ்டாண்டர்டு 2000.

அதன் உடம்பு பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1. டேவிட் பாஷ் வரைந்தது. 1976இல் வெளிவந்து மறு வருஷம் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கியது. முன்பக்கம் ஃபெராரியின் சாயல், பின்பக்கம் சரிந்து இறங்கி மேலே தூக்கித் திறக்கும் கதவு. பிரிட்டனில் மூன்றரை லிட்டர் வி8 எஞ்சினோடு போலீஸ்காரர்கள் அதை விரட்டி ஓட்டினார்கள். மதராஸுக்கு வந்தபோது அந்த எஞ்சின் வரவில்லை. கம்பெனியின் கையில் ஏற்கெனவே இருந்த, 1940களின் வான்கார்டு பரம்பரையில் வந்த இரண்டு லிட்டர் நாலு சிலிண்டர் எஞ்சினையே அதில் ஏற்றினார்கள். நம் ரோட்டுக்காக வண்டியின் உயரத்தையும் கொஞ்சம் கூட்டினார்கள். பார்க்க ராஜா மாதிரி, இழுக்கக் கிழட்டு மாடு மாதிரி. மைலேஜ் கையைக் கடித்தது, விலையோ கான்டெஸாவைவிடவும் கூடுதல். 1988இல் தயாரிப்பு நின்றுபோனது, அதோடு கம்பெனியும் படுத்துவிட்டது. பெருங்களத்தூரில் அந்த நிலத்தில் இன்று ஐ.டி. வளாகமும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன.

ஸ்டாண்டர்டு 2000இன் தோல்வியை எஞ்சின் மேல் மட்டும் போட்டுவிட முடியாது. அன்றைக்கு ஒரு கம்பெனி எத்தனை கார் செய்யலாம், எதை இறக்குமதி செய்யலாம் என்பதெல்லாம் டெல்லியில் கையெழுத்தாக வேண்டும். கையில் இருக்கும் எஞ்சினை வைத்து ஒப்பேற்றுவதுதான் புத்திசாலித்தனம் என்று தொழிலே நம்பிய காலம். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் அதையேதான் செய்தது. வாக்ஸ்ஹாலின் பழைய மாடல் ஒன்றின் அச்சுகளை வாங்கி 1984இல் கான்டெஸாவைக் கொண்டுவந்தபோது, அந்தப் பெரிய உடம்பை இழுக்க அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினையே வைத்தார்கள். பிறகு ஜப்பானின் இசுசு எஞ்சின் ஏறியதும்தான் கான்டெஸா கிளாசிக் என்ற பெயருக்கு அர்த்தம் வந்தது. 2002 வரை அது மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாரானது. அமைச்சர்களும் கம்பெனி முதலாளிகளும் விரும்பிய கார். தமிழ் சினிமாவில் வில்லனுக்கென்றே எழுதி வைத்த கார்.

ஆக, 1998க்குமுன் இந்தியச் சொகுசு கார் என்றால் ஓர் ஊர் உடம்பும் வேறோர் ஊர் எஞ்சினும் ஒட்டுப்போட்டது என்றே ஆகியிருந்தது. 1993இல் கார் தொழிலுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றானபின் தேவூ சியலோ, ஓப்பல் ஆஸ்ட்ரா, ஃபோர்டு எஸ்கார்ட் எல்லாம் வரிசையாக வந்தன, வரிசையாகவே மங்கின. லான்சரின் பெருமை, ஜப்பானில் எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியே இங்கும் வந்ததுதான். உடம்பும் எஞ்சினும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

திருவள்ளூர் இந்தக் கம்பெனிக்குப் புது ஊர் அல்ல. 1970களின் தொடக்கத்திலேயே மண் அள்ளும் ராட்சச வண்டிகள் செய்ய இங்கே ஆலை போட்டிருந்தார்கள். அந்தப் பிரிவைப் பின்னால் அமெரிக்காவின் கேட்டர்பில்லர் வாங்கிக்கொண்டது. சுரங்கத்துக்கு டம்பர் செய்த ஊரின் பக்கத்திலேயே சொகுசு கார் செய்தார்கள் என்பது கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் மதராஸ் துறைமுகம் பக்கம், ரயில் பக்கம், அம்பத்தூர் உதிரிபாகப் பட்டறைகள் பக்கம். 1990களின் பிற்பகுதியில் ஃபோர்டு மறைமலைநகருக்கும் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கும் வந்ததும் இதே கணக்கில்தான்.

லான்சரின் முக்கிய எஞ்சின்கள் இரண்டு. 1468 சிசி பெட்ரோல், 1998 சிசி டீசல். பெட்ரோல் வண்டியை ரசித்து ஓட்டியவர்கள் ஒரு ஜாதி என்றால், டீசலை வைத்துக்கொண்டு விடாமல் உழைத்தவர்கள் வேறு ஜாதி. டீசல் 68 குதிரைத் திறன்தான். ஏசி போட்டுக்கொண்டு மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் சென்னையில் துணிக்கடையும் திருப்பதியில் சம்பந்தி வீடும் உள்ளவருக்கு, மாதத்துக்கு நாலு நடை கனகம்மாசத்திரம், திருத்தணி, ரேணிகுண்டா வழியாகப் போய்வர அதைவிடச் சௌகரியமான வண்டி அன்றைக்குக் கிடையாது. அந்தப் பழைய 205ஆம் எண் நெடுஞ்சாலை அப்போது இரண்டு வழிதான். எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் வந்தால் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கியாக வேண்டும். அங்கேதான் லான்சரின் பின் சஸ்பென்ஷன் தன் வேலையைக் காட்டியது. பல இணைப்புகளோடு ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு. ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அடுத்த சக்கரம் அதைக் கண்டுகொள்ளாது. பின்சீட்டில் உட்கார்ந்த பெரியவரின் இடுப்புக்கு மட்டும் அந்த வித்தியாசம் தெரியும்.

புது வண்டிகள் பூஜைக்கு முருகன் மலைக்கு வரும். திருத்தணி மலைக்கு 365 படி உண்டு, வண்டிக்குத் தனிப் பாதையும் உண்டு. மாலை போட்டு, பானெட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, விபூதி பூசி, நாலு சக்கரத்தின் கீழும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். தேங்காய் சுற்றி உடைத்ததும் டிரைவர் சீட்டில் வீட்டுக்காரர் உட்கார்ந்து, பழங்கள் நசுங்க ஒரு முழம் முன்னே எடுப்பார். டி.என். 20 வண்டிகளுக்குப் பக்கத்திலேயே சித்தூர் பக்கத்து ஏ.பி. 03 வண்டிகளும் அப்போது அதே எலுமிச்சைக்காகக் காத்திருக்கும். 1960 ஏப்ரல் 1 வரை இந்த ஊரே சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது, ம.பொ.சி. உள்ளிட்டோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலனாக மதராஸோடு சேர்ந்தது. வண்டி பூஜைக்கு எல்லைக்கோடு கிடையாது. பெரும்பாலான முருகன் கோயில்களில் கருவறை முன் மயில் நிற்க, இங்கே யானை நிற்கிறது. சொகுசு வாகனம் எதுவென்று இந்தச் சாமிக்குத் தெரியாமலா இருக்கும்!

இனி முதலில் சொன்ன மூன்று பதில்களைப் பார்ப்போம். ஸ்பேர் விலை கூடுதல் என்ற குறை நிஜம். ஜப்பானிலிருந்து வந்த பாகங்கள் பல. மாருதி மாதிரி ஊருக்கு ஊர் கடையில் கிடைக்கவில்லை. டைமிங் பெல்ட்டை வேளைக்கு மாற்றாமல் அது அறுந்துபோனால் வால்வு வளைந்து, எஞ்சின் தலையைக் கழற்ற வேண்டிவரும். அந்த பில்லைப் பார்த்து மனசு விட்டுப்போனவர்கள் உண்டு. ஆனால் ஸ்பேர் விலைக்காகவே கார் சாகும் என்றால் இந்த நாட்டில் ஜெர்மன் கார் ஒன்றுகூட ஓடக் கூடாது. விலை கூடுதலானாலும் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் வாங்குகிறவன் வாங்குவான். அந்த நம்பிக்கையை உண்டாக்கும் டீலர் வலையை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் விரிக்கவில்லை என்பதுதான் சரியான குற்றச்சாட்டு.

ஹோண்டா சிட்டி? அதுவும் லான்சரும் 1998இலேயே வந்தவை. ஓட்டத்தில் இரண்டுக்கும் ரசிகர்கள் சரிபாதி இருந்தார்கள். வித்தியாசம் பிறகு தெரிந்தது. சிட்டியின் அடுத்த மாடல் 2003இல் வந்தது, அதற்கடுத்தது 2008இல், பிறகு 2014, 2020. பெயர் ஒன்றுதான், உள்ளே இருப்பது புதுக் கார். லான்சரோ 1998இல் எப்படி இருந்ததோ, சில்லறை மாற்றங்களோடு பத்து வருஷத்துக்கு மேல் அப்படியே இருந்தது. அம்பாசடரை அரை நூற்றாண்டுக்கு மேல் அதே உருவில் விற்ற கம்பெனிக்கு இது தவறாகத் தோன்றியிருக்காது. முகப்புக் கம்பியை மாற்றினால் புது மாடல் என்பது அவர்கள் வீட்டுப் பழக்கம். சிட்டி வாங்கியவர் ஐந்து வருஷம் கழித்து அடுத்த சிட்டிக்குப் போனார். லான்சர் வாங்கியவர் ஐந்து வருஷம் கழித்து ஷோரூமுக்குப் போனால் அங்கேயும் அவருடைய பழைய காரே நின்றது.

டீசல் பக்கம் அடி இன்னும் பலமாக விழுந்தது. 2002இல் ஹூண்டாய் தன் ஆக்சென்டில் காமன்ரெயில் டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தது. மூன்றே சிலிண்டர், ஒன்றரை லிட்டருக்கும் குறைவு, திறனோ 80 குதிரையைத் தாண்டியது. இரண்டு லிட்டர் எஞ்சினை வைத்துக்கொண்டு 68 குதிரையில் நின்ற லான்சர் டீசல், ஒரே ராத்திரியில் கிழவனாகிவிட்டது. இரண்டு கார்களும் சென்னையைச் சுற்றியே தயாரானவை என்பது இன்னும் வேடிக்கை. இதற்குச் சரியான பதில், லான்சருக்கும் புது டீசல் எஞ்சின் கொடுப்பது. கிடைத்த பதில் 2006இல் வந்த லான்சர் செடியா.

செடியா மேல் எனக்குப் பிரியம் உண்டு. அதனாலேயே கோபமும் உண்டு. இரண்டு லிட்டர் பெட்ரோல் எஞ்சின், லான்சர் பரம்பரைக்கே உரிய ரோட்டுப்பிடி. இந்திய ராலி வீரர்கள் அதை ஓட்டிக் கப்புகளை அள்ளினார்கள். ஆனால் ஜப்பானில் 2000இல் வந்த கார் அது. ஆறு வருஷம் கழித்து இங்கே வந்தது, அதுவும் டீசல் இல்லாமல். பெட்ரோல் விலை ஏறிக்கொண்டிருந்த, செடான் வாங்குகிறவர்கள் டீசலுக்குத் தாவிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. லான்சர் டீசலை வைத்துச் சம்பாதித்த நல்ல பெயரை அப்படியே தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, கேட்காதவர்களுக்குக் கேட்காத காரைக் கொடுத்தார்கள். ஷோரூமில் பழைய லான்சரும் செடியாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றது குழப்பத்தின் உச்சம்.

பழியை முழுக்க பிர்லாக்கள் மேல் போடுவது நியாயமில்லை. அந்த வருஷங்களில் ஜப்பானில் மிட்சுபிஷியின் வீடே எரிந்துகொண்டிருந்தது. வாடிக்கையாளர் புகார்களைப் பல ஆண்டுகளாக அரசிடமிருந்து மறைத்துவந்ததை 2000இல் மிட்சுபிஷி ஜப்பானில் ஒப்புக்கொண்டது. அதே வருஷம் பங்கு வாங்கி உள்ளே வந்த டெய்ம்லர் கிரைஸ்லர், 2004இல் இனிப் பணம் போட முடியாது என்று கையை விரித்தது. அந்த வருஷமே மறைத்த குறைகள் மேலும் வெளியே வந்தன. பிழைப்போமா என்று தவித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதிகத்தூரின் டீசல் எஞ்சின் கவலை எந்த மூலைக்கு? ஹூண்டாய் சொந்தக் காசைப் போட்டுச் சொந்த ஆலை கட்டிக்கொண்டது. ஹோண்டாவும் பெரும்பங்கைத் தன் கையிலேயே வைத்திருந்தது. மிட்சுபிஷி தொழில்நுட்பத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றது. வாடகை வீட்டில் ஆணி அடிக்க யோசிக்கிறவர் போல, இந்தக் காருக்காகச் செலவழிக்க இரண்டு பக்கமும் யோசித்தார்கள் என்பதுதான் என் முடிவு. ஸ்டாண்டர்டு 2000க்கு அரசு கதவைச் சாத்தி வைத்திருந்தது; லான்சருக்குக் கதவு திறந்தே இருந்தும் உள்ளே வர ஆளில்லை.

செடான்களின் காலமே முடிந்தது, லான்சர் மட்டுமா போனது என்று கேட்கலாம். அந்த வாதம் பிந்தைய வருஷங்களுக்குப் பொருந்தும். எஸ்.யூ.வி. மோகம் பெரும் செடான்களை விழுங்கியது 2010களின் பாதியில். லான்சரின் கதை அதற்குள் முடிந்திருந்தது. உலகத்தில் மற்ற இடங்களிலும் லான்சர் மெல்ல அடங்கியது. ஜப்பானில் 2017இல் தயாரிப்பு நின்றது. அதற்கு முந்தைய வருஷம் மைலேஜ் கணக்கைத் திரித்த இன்னொரு விவகாரத்தில் மாட்டிக்கொண்டு, மிட்சுபிஷி தன் மூன்றிலொரு பங்கை நிஸானிடம் கொடுத்திருந்தது.

அதிகத்தூர் ஆலை மட்டும் சாகவில்லை. லான்சருக்குப் பின் பஜேரோ ஸ்போர்ட் அங்கே பூட்டப்பட்டது. ஒரு காலத்தில் கான்டெஸாவுக்கு எஞ்சின் தந்த இசுசு, 2013இலிருந்து தன் வண்டிகளை அதே ஆலையில் பூட்டிக்கொண்டு, 2016இல் எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை திறந்ததும் கிளம்பிப் போனது. 2017இல் சி.கே. பிர்லா குழுமத்தோடு பிரான்சின் பெஜோ கூட்டுச் சேர்ந்தது. அம்பாசடர் என்ற பெயரையும் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அப்படித்தான் அதே பிரெஞ்சுக் குழுமத்தின் சிட்ரோவென் கார்கள் திருவள்ளூரிலிருந்து வர ஆரம்பித்தன. சி5 ஏர்கிராஸ், சி3, மின்சார இ.சி3, 2024இல் பசால்ட். பசால்ட்டின் பின்பக்கம் செடான் மாதிரி சரிந்து இறங்குகிறது. உயரமோ எஸ்.யூ.வி. உயரம்.

மிச்சமிருக்கும் லான்சர்கள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் இரண்டு விதமாகப் போகின்றன. டீசல் வண்டி என்றால் பாகத்துக்காக உடைக்க சென்னைப் புதுப்பேட்டைக்கு. துருப்பிடிக்காத பெட்ரோல் வண்டி என்றால் ஆசையாக வைத்துக்கொள்ள யாராவது இளைஞன் வந்து நிற்பான். வாங்குமுன் டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கி ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் துரு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள் மெக்கானிக்குகள். பிறகு பின் கதவைத் திறந்து மூடச் சொல்வார்கள். இருபது வருஷம் கழித்தும் அது ஒரே தட்டில் சாத்திக்கொண்டால், மீதியை ஆர்.சி. புக்கைப் பார்த்துப் பேசிக்கொள்ளலாம்.